தனியாக வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்தலாமா?

18 வயதுக்குக் குறைந்த யாரும் சாயங்காலம் 5 மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் மாலுக்குள் வரக் கூடாது. எங்கள் வளாகத்துக் கடைக்காரர்கள் கூட்டத்தில் இப்படி ஒரு விதி கொண்டுவரலாம் என்று பேச்சு வந்தது. அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்றுதான் தூக்குவேன். ஏன் என்பதை அங்கே இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு மாலின் இரண்டாவது மாடியில் ஃபேன்ஸி கடை வைத்திருக்கிறேன். கிளிப், ஸ்க்ரன்ச்சி, தோடு, வளையல், மொபைல் கவர். வாங்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இந்த விதி வந்தால் என் வியாபாரம் அடிபடும், அதை மறைக்கவில்லை. ஆனால் வியாபாரம் மட்டும்தான் என் கவலை என்றால் வாடகையைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டு முடித்துக்கொண்டிருப்பேன். வீட்டில் எனக்கு ஒன்பதாவது படிக்கிற மகள் இருக்கிறாள்.

கூட்டத்தில் மற்றவர்கள் சொன்ன குறைகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் நானும் கண்ணால் பார்த்தவைதான். பரீட்சை முடிகிற கடைசி நாள் மதியம் நாலைந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தமாக உள்ளே வருவார்கள். வெள்ளைச் சட்டையெல்லாம் இங்க் தெளித்திருக்கும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஃபுட் கோர்ட் மேசையில் கேக் வெட்டு. வெட்டிய கேக்கில் பாதி பிறந்தநாள்காரன் முகத்துக்குப் போகும், மீதி தரைக்குப் போகும். ஒருமுறை ஸ்னோ ஸ்ப்ரே அடித்து எஸ்கலேட்டர் பக்கம் தரை வழவழவென்று ஆகி, ஒரு வயசான அம்மா வழுக்கி விழப் பார்த்தார். ரீல்ஸ் எடுக்கிறோம் என்று துணிக்கடை வாசலை மறித்துக்கொண்டு ஆடுவார்கள். ஒரே ஒரு கோன் ஐஸ் வாங்கிவிட்டு ஐந்து பேர் ஏசியில் உட்கார்ந்திருக்க, சாப்பாடு வாங்கிய குடும்பம் தட்டோடு நின்றுகொண்டிருக்கும். செருப்புக்கடை அண்ணன் கூட்டத்தில் கேட்டார்: "இந்தப் பயலுக கூட்டமா வந்தாய்ங்கன்னா ஃபேமிலியா வர்ற ஆளுக வாசலோட திரும்பிர்றாக. மாசம் பொறந்தா வாடகை நான்தான குடுக்கணும்?" அவர் கேட்டது நியாயம்.

இதையெல்லாம்விட என் மனசை உறுத்துவது வேறொன்று. பெண் பிள்ளைகளின் பின்னாலேயே சுற்றுவது. பள்ளிப் பையன்களும் செய்கிறார்கள். கூப்பிட்டு நாலு பேர் முன்னால் பேரும் ஸ்கூலும் கேட்டால் பெரும்பாலும் அதோடு ஓடிவிடுவார்கள். ஓடாதவர்கள் பெரிய ஆட்கள். என் கடைக்குள் வந்து ஒரே கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பிள்ளையிடம் "என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, அந்த ஆள் போகட்டும்" என்றாள். வெளியே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றவனுக்கு முப்பது வயது இருக்கும். நாம் பேசுகிற விதி வந்தால் அந்தப் பிள்ளை வெளியே நிற்கும், அவன் உள்ளே நிற்பான்.

சரி, விதியை யார் நடத்துவார்? கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிதான். கூட்டம் முடிந்து இறங்கும்போது அவரிடமே கேட்டேன். "வயச எப்படிண்ணே கண்டுபிடிப்பீங்க, ஆதார் கேப்பீங்களா?"

"ஆதாரெல்லாம் எதுக்கு தங்கச்சி, ஆளப் பாத்தாலே தெரிஞ்சிரும்ல."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். வாங்க வந்த கூட்டமா, சும்மா சுத்த வந்த கூட்டமான்னு."

அவர் நல்ல மனுஷர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறார், மழை வந்தால் என் கடைக்கு வரும் பார்சலைத் தூக்கிவந்து தருவார். ஆனால் அவர் சொன்ன பதிலில் வயது என்பதே இல்லை. அவர் பார்க்கப்போவது செருப்பை, பையை, தலை சீவியிருக்கிற விதத்தை, பேசுகிற பேச்சை. மெட்ரிக் பள்ளிப் பையன் ஆங்கிலத்தில் ரெண்டு வார்த்தை பேசினால் வழி கிடைக்கும். கார்ப்பரேஷன் பள்ளிச் சீருடையோடு ரப்பர் செருப்பு போட்டு வருகிறவனை நிறுத்துவார்கள். நம் தென் மாவட்டங்களில் இன்னொன்றும் உண்டு, கையில் கட்டுகிற கலர் கயிறு. அதன் நிறத்தை வைத்து எந்தச் சாதி என்று படிக்கிற கண்கள் இங்கே நிறைய. பள்ளிகளில் அந்தக் கயிற்றைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்குப் பரிந்துரைத்தது. பள்ளிக்கூடத்திலேயே இந்த நிலைமை என்றால், ஆளைப் பார்த்து முடிவெடு என்று ஒரு வாசலில் அதிகாரம் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில், கையில் டிக்கெட் இருந்தும் நரிக்குறவர் குடும்பத்தை முதலில் உள்ளே விடவில்லை. வீடியோ பரவியதும் தியேட்டர் தரப்பு சொன்ன காரணம் என்ன தெரியுமா? வயது. படம் யு/ஏ சான்றிதழ், வந்தவர்களுடன் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்றார்கள். 2024 ஜூலையில் பெங்களூரில் ஒரு மாலில், மகனோடு படம் பார்க்க வந்த விவசாயியை வேட்டி கட்டியிருந்தார் என்று வாசலில் நிறுத்தினார்கள். அந்த மாலை ஏழு நாள் மூட கர்நாடக அரசு உத்தரவிட்டது. வேட்டி கட்டிய பெரிய மனுஷருக்காகக் கேட்க நாடே வந்தது. பதினைந்து வயதுப் பையனை வாசலில் திருப்பி அனுப்பினால் யார் வீடியோ எடுப்பார்? அவன் வீட்டில்கூடச் சொல்ல மாட்டான். நீ ஏன்டா அங்க போன என்றுதான் முதல் அடி விழும்.

சட்டமும் இந்த இடத்தில் கைகொடுக்காது. கடை, உணவகம், பொதுப் பொழுதுபோக்கு இடம் ஆகியவற்றுக்குள் போவதை மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பதை மட்டும் காரணமாக வைத்துத் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2). அந்த வரிசையில் வயது இல்லை. ஆக, அந்த வரிசையில் உள்ள எதைக் காரணம் காட்டினாலும் மாட்டிக்கொள்வார்கள். வயதைக் காட்டினால் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். எனக்கு இதுதான் பயம்.

இன்னொரு விஷயம். 14 வயது முடிந்த பிள்ளையை ஆபத்தில்லாத வேலையில் வைத்துக்கொள்ள நம் சட்டம் இடம் கொடுக்கிறது. 16 வயதில் 50 சிசி வரை உள்ள வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கலாம். சினிமாச் சான்றிதழில்கூட யு/ஏ என்று மொத்தமாக இருந்ததை 7, 13, 16 என்று பிரித்து, எந்த வயதுக்கு எது தகும் என்று வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். இப்படிப் படிப்படியாகப் பொறுப்பைக் கொடுத்துக்கொண்டு வருகிற வயதில், எங்கள் மாலில் மட்டும் 18 வரை எல்லோரும் கைக்குழந்தை என்று எப்படிச் சொல்வது?

துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டுமே, அதிலென்ன கஷ்டம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கஷ்டம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள். சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துக்குச் செலவே இல்லை. மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் ஸ்க்ரன்ச்சி வேண்டும். "மெரூன்ல மூணு இருக்காக்கா?" மெரூனில் இரண்டுதான் இருந்தது. அப்புறம் ஊதா, அப்புறம் கரும்பச்சை. கண்ணாடி முன்னால் போய்க் கொண்டையில் வைத்துப் பார்ப்பதும், திரும்ப வந்து தட்டில் வைப்பதும், மறுபடியும் எடுப்பதும். ஒரு மணி நேரம் போயிருக்கும். கடைசியில் கரும்பச்சையில் முடிந்தது. மூன்று பேரும் பர்ஸில் இருந்த சில்லறையைக் கண்ணாடி மேசை மேல் கொட்டி, ஒருத்தி எண்ண, மற்ற இருவரும் அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போதுமான அளவு இருந்தது. மீதி பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். ஹேர்பின் அட்டை ஒன்று கொடுத்தேன்.

அவர்களில் ஒருத்தியின் அம்மா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார், முகூர்த்த நாள் என்றால் ராத்திரி வீட்டுக்கே வர மாட்டார். இன்னொருத்தியின் அப்பா திருப்பூரில். வீட்டில் இருக்கிற ஒரே பெரிய ஆள் அப்பத்தா. அந்த அப்பத்தாக்களை நான் அறிவேன், தீபாவளிக்கு முந்தின வாரம் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு எஸ்கலேட்டர் முன்னால் நிற்பார்கள். முதல் படி மேலே வரும், கால் எடுப்பார்கள், பின்னால் இழுத்துக்கொள்வார்கள். "நீ போய்ட்டு வாத்தா, நா இங்கிட்டே உக்காந்திருக்கேன்" என்று கீழேயே தூண் ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். சாயங்காலம் 5 மணிக்கு ஃப்ரீயாக இருந்து, பிள்ளையைக் காரில் கூட்டிவந்து, கூடவே சுற்றக்கூடிய அப்பா அம்மா எந்த வீட்டில் இருப்பார்கள்? அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விதியால் ஒன்றும் ஆகாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசமாகப் போகும். பையனை வெளியே அனுப்பிவிட்டால் அவனுக்குப் போக இடம் இருக்கிறது. டீக்கடை இருக்கிறது, வைகைப் பாலத்துச் சுவர் இருக்கிறது, கிரிக்கெட் ஆட ஏதாவது பொட்டல் இருக்கும். பெண் பிள்ளை அந்த இடங்களில் நாலு தோழிகளோடு பத்து நிமிஷம் நிற்கட்டும் பார்ப்போம். வெளிச்சம் இருக்கிறது, கேமரா இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, எட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு அக்கா கடையில் இருக்கிறாள் என்பதால்தான் பல வீடுகளில் மாலுக்கு என்றால் அனுப்புகிறார்கள். பெரியவர் துணையோடு வா என்றால், அண்ணனைக் கூட்டிக்கொண்டு போ என்று ஆகும். அண்ணன் வர மாட்டான். விஷயம் அதோடு முடிந்துவிடும்.

வெளிநாட்டில் இதையெல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மால் ஆஃப் அமெரிக்கா என்று மிகப் பெரிய வளாகம். 1996ல் அங்கே வெள்ளி, சனி சாயங்காலங்களில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் 21 வயது நிரம்பிய ஒருவரோடுதான் வர வேண்டும் என்று விதி போட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளைக் குறிவைத்துத்தான் இது என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. இருந்தும் விதி நீடித்தது, பிற்பாடு அமெரிக்காவில் பல மால்கள் அதே வழியில் போயின. இங்கிலாந்தில் ப்ளூவாட்டர் என்ற மால் 2005ல் தலையை மூடும் ஹூடிக்கும் தொப்பிக்கும் தடை போட்டது. அதே ஆண்டு வேல்ஸில் மஸ்கிட்டோ என்று ஒரு கருவி வந்தது. கடை வாசலில் மாட்டினால் 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு கீச்சொலி போடும். வயது ஏற ஏற நம் காதுக்கு அந்த உயரத்துச் சத்தம் கேட்காமல் போய்விடும், சின்னவர்களுக்கு மட்டும் கேட்டு நிற்க முடியாமல் போய்விடும். தோளில் தூங்குகிற கைக்குழந்தைக்கும் அது கேட்கும் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மால் ஆஃப் அமெரிக்கா இருப்பது ப்ளூமிங்டனில். அதற்குப் பக்கத்து ஊர் ஈடைனா. முழுக்கக் கூரை போட்டு ஏசி வைத்த முதல் நவீன மாலான சவுத்டேல் 1956ல் திறந்தது அங்கேதான். அதை வடிவமைத்த விக்டர் க்ரூயன் வியன்னாவிலிருந்து போனவர். கார் இல்லாமல் எங்கும் போக முடியாத புறநகரில், ஐரோப்பிய ஊர்ச் சதுக்கம் மாதிரி மக்கள் கூடி நிற்கவும் பேசவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் ஆசை. வாங்குவது பாதி, கூடுவது பாதி. கூடுகிற இடம் என்று கட்டியதன் பக்கத்து ஊரிலேயே, நாற்பது வருஷத்தில், கூடினார்கள் என்பதற்காகப் பிள்ளைகளைத் தடுத்தார்கள்.

அவர்கள் கதை அது. மதுரைக்கு இப்படி ஒரு வழக்கமே கிடையாது. கடையும் கூட்டமும் சேர்ந்தேதான் இந்த ஊரில் இருந்திருக்கின்றன. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புது மண்டபத்தில் சமீபம் வரைக்கும் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன. பழைய பாடப்புத்தகம் வாங்கப் போகிற சாக்கில் யாளிச் சிற்பத்துக்குக் கீழே மணிக்கணக்காக உட்கார்ந்து கதையடித்தவர்கள்தான் இன்றைக்கு மதுரையில் பாதிப் பேர். சித்திரை வந்தால் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு ராத்திரி முழுக்க தல்லாகுளத்தில் நிற்பது யார்? எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள்தான் கூட்டம் கூட்டமாக. அழகர் ஆற்றில் இறங்கி முடிந்து விடிந்தபின் தொண்டை கட்டிப்போய் வீடு வருவார்கள். லட்சக்கணக்கான ஜனத்துக்கு நடுவில் அப்படி விட்டுப் பழகிய ஊர், கேமராவும் காவலும் இருக்கிற நாலு மாடிக் கட்டடத்துக்கு எதற்கு இவ்வளவு பயப்பட வேண்டும்?

பிள்ளைகள் ஏன் எங்களிடமே வந்து குவிகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் சாப்பாடு, தூக்கம். நடுவில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் எங்கே போவது? ராஜாஜி பூங்கா சின்னப் பிள்ளைகளுக்கு. தமுக்கம் மைதானத்தில் மாநாட்டு மையம் எழுந்துவிட்டது. தெப்பக்குளம் சாயங்காலம் அருமையான இடம்தான், ஆனால் அது குடும்பங்கள் வந்து உட்காருகிற இடம். நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பாருங்கள். ஆறு மாடி, ஏசி, பள்ளிப் பிள்ளைகள் தாங்களாகவே போய் உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறார்கள். நல்ல இடம் கொடுத்தால் தனியாக வந்து ஒழுங்காக இருக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் இவர்களும். ஆனால் நூலகத்தில் சத்தமாகச் சிரிக்க முடியாது, அந்த வயதுக்கு அதுவும் வேண்டும். குழந்தைகளுக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று சொல்கிற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 1992ல்.

செருப்புக்கடை அண்ணனின் வாடகைப் பிரச்சினைக்கு என்ன வழி என்று கேட்டால், என்னிடம் சில யோசனைகள் இருக்கின்றன. தடை போடுவதென்றால் செய்கைக்குப் போடுவோம். ஸ்னோ ஸ்ப்ரே, கேக் பூசுவது, கடை வாசலை மறிப்பது, யாரையாவது பின்தொடர்வது ஆகியவை கூடாது என்று வாசலில் பெரிய எழுத்தில், தமிழில் எழுதிப் போடுவோம். அதற்கு வயது வித்தியாசம் கிடையாது. முப்பது வயதுக்காரனும் அதில் மாட்டுவான். மீறினால் முதல் தடவை எச்சரிக்கை, மறுபடியும் என்றால் அந்த ஆளுக்கு மட்டும் ஒரு மாசம் அனுமதி இல்லை. கேட்டில் ஆளைப் பார்த்து வடிகட்டுகிற வேலையை விட்டுவிட்டு, அதே செக்யூரிட்டியில் ஒருவரை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை ஃபுட் கோர்ட்டில் நடமாட விடலாம். ஒரு பெண் காவலர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பிள்ளை வந்து புகார் சொன்னால் என்ன செய்ய வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கு எப்போது கூப்பிட வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். பரீட்சை கடைசி நாள் எது என்று சுற்றியுள்ள பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும், அன்றைக்குக் கூடுதலாக இரண்டு ஆள் போட்டால் போதும். ஃபுட் கோர்ட்டில் இடம் போதவில்லை என்றால், எஸ்கலேட்டருக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடத்தில் நாலு பெஞ்சும் ஒரு குடிதண்ணீர்க் குழாயும் போடலாம். இதையெல்லாம் கேட்பதற்கு அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், நாலு பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாலால் செய்ய முடிவது அவ்வளவுதான். மற்றது ஊர் செய்ய வேண்டியது. சாயங்காலம் பள்ளி விட்டதும் எத்தனையோ பள்ளி மைதானங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் நாலைந்தையாவது மாநகராட்சி ராத்திரி எட்டு மணி வரை திறந்து வைக்கட்டும். நல்ல விளக்கு, தண்ணீர், திறந்திருக்கிற கழிப்பறை, கூடவே ஒரு உடற்கல்வி ஆசிரியை. வாரத்தில் இரண்டு நாள் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கட்டும். அப்படித் திறந்தால் என் கடைக்கு வருகிற கூட்டம் குறையும், குறையட்டும். என் மகளைத்தான் முதல் ஆளாக அனுப்புவேன்.